கப்பலில் வரும் அச்சு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராஜா இருந்தார். அவரிடம் தேரும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஓடவில்லை.

ஊரின் பெயர் வேங்கைமங்கலம். ராஜாவின் பெயர் குடைமாறன். அந்தத் தேர், கல்யாணத்தில் மாமனார் சீராகக் கொடுத்தது. ஆடி பிறந்ததும் ராஜா அதிலேதான் புது ராணியைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வரும்போது, கோட்டை வாசலில் படீரென்று ஒரு சத்தம். அச்சு இரண்டாக முறிந்தது. ராஜா மூன்றாக மடிந்து கிடந்தார்.

தேரை விற்ற வணிகர் சாத்தப்பர் உள்ளூரில்தான் கடை வைத்திருந்தார். தேரை அவர் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இரண்டே நாள், மகாராஜா!" என்றார் சாத்தப்பர்.

இரண்டு நாள் போனது. "அச்சு கப்பலில் ஏறிவிட்டது" என்றார். பத்து நாள் போனது. "கப்பல் காற்றுக்காக நிற்கிறது" என்றார். இருபது நாள் போனது. "கப்பல் வந்துவிட்டது மகாராஜா! ஆனால் பாவிகள், அச்சுக்குப் பதிலாகக் குடைக்காம்பை அனுப்பிவிட்டார்கள்."

உள்ளூர்த் தச்சரைக் கூப்பிடலாமா என்றால், அதற்கும் ஓர் ஓலை வைத்திருந்தார். "வேறு ஆள் ஓர் ஆணி அடித்தாலும் அப்புறம் இந்தத் தேருக்கு நான் பொறுப்பில்லை." தச்சரோ தேரைச் சுற்றி வந்து, "இது கடல் தாண்டிய வேலை, நமக்குப் பிடிபடாது" என்று கும்பிடு போட்டுவிட்டார்.

ஆடி முடிய இரண்டே நாள் இருந்தது. ராஜா தம் சபையில் வாய்த்துடுக்கில் பேர்போன கூத்தநம்பியைக் கூப்பிட்டார்.

"நம்பி! ஆவணி முதல் தேதி நான் போய் ராணியைக் கூட்டிவர வேண்டும். மாட்டுவண்டியில் போய் இறங்கினால், 'நாங்கள் போட்ட தேர் எங்கே மாப்பிள்ளை?' என்று மாமியார் வாசலிலேயே கேட்பாள். பெண்ணையும் அனுப்பமாட்டாள். தேர் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் உன் முதுகில் ஏறித்தான் போவேன்!"

நம்பி ராஜாவை மேலும் கீழும் பார்த்தான். நெய் குறையாமல் வளர்ந்த உடம்பு. மாமியார் வீடோ நாலு காதம். முதுகைத் தடவிக்கொண்டே சாத்தப்பர் கடைக்கு ஓடினான்.

கடை வாசலில் பதினோரு புதுத் தேர்கள் மாலை போட்டுக்கொண்டு நின்றன.

"ஐயா, இதெல்லாம் அதே மாதிரித் தேர்தானே? ஒன்றிலிருந்து அச்சைக் கழற்றி..."

சாத்தப்பர் காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! இது இனிமேல் வரப்போகிறவர்களுக்கு. இதில் கை வைத்தால் நாளைக்கு வருகிறவருக்கு என்ன பதில் சொல்வேன்?"

"அவருக்கும் அந்தக் கப்பல் கதையைச் சொல்லுங்களேன்."

"நல்ல ஆளய்யா நீ! வாங்கியவர் காத்திருப்பார். வாங்காதவர் காத்திருப்பாரா?"

பறித்துக்கொள்ளவும் வழியில்லை. வணிகன் தன் வாயால் சம்மதிக்காமல் அவன் சரக்கில் அரசன் கை வைக்கக்கூடாது என்று ராஜாவின் பாட்டனாரே கடைத்தெருவில் கல்வெட்டு நட்டிருந்தார்.

நம்பி அரண்மனைக்குத் திரும்பினான். "அரசே, நாளை மதியம் கடைத்தெரு வணிகர்களுக்கெல்லாம் ஒரு விருந்து வையுங்கள். நீங்கள் மட்டும் முன்கூட்டியே சாப்பிட்டுவிடுங்கள்."

சாப்பிடச் சொன்னால் ராஜா ஏன் என்று கேட்கிற வழக்கமில்லை.

அரண்மனை விருந்தாயிற்றே என்று சாத்தப்பர் காலைப் பலகாரத்தையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் இலை ராஜாவுக்கு, இரண்டாம் இலை அவருக்கு. நம்பியே பரிமாற நின்றான். உப்பு வந்தது. ஊறுகாய் வந்தது. ஓர் அப்பளம் வந்தது. சோறு வரவில்லை.

"தம்பி, சோறு?"

"இதோ வந்தாச்சு ஐயா. நெல் வண்டியில் ஏறிவிட்டது."

அப்பளம் தீர்ந்தது.

"தம்பி..."

"வண்டி ஆற்றங்கரையில் நிற்கிறது ஐயா. வெள்ளம்."

ஊறுகாயும் தீர்ந்தது.

"வண்டி வந்துவிட்டது ஐயா! ஆனால் பாவிகள், நெல்லுக்குப் பதிலாக எள்ளை அனுப்பிவிட்டார்கள்."

"என் வீட்டிலிருந்தாவது ஒரு பிடி சோறு கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்கள். ஆனால் வேறு சமையல் இலையில் விழுந்தால், அப்புறம் உங்கள் வயிற்றுக்கு அரண்மனை பொறுப்பில்லை."

எழுந்து போகவும் முடியாது. இலை போட்டு நீர் தெளித்தபின், முதல் இலைக்காரர் எழுவதற்கு முன் யாரும் எழக்கூடாது என்பது அந்த ஊர்ப் பந்தி வழக்கம். முதல் இலைக்காரரோ சம்மணமிட்டுச் சுகமாக உட்கார்ந்திருந்தார். நடுவில் ஓர் ஏப்பம் விட்டார். புளியோதரை வாசனை அடித்தது.

சாத்தப்பர் மூக்கை உயர்த்தித் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கூடத்தில் பதினோரு அண்டாக்கள். எல்லாவற்றிலும் ஆவி பறக்கிற சோறு!

"அதோ! அதோ இருக்கிறதே சோறு!"

"அது இனிமேல் வரப்போகிறவர்களுக்கு ஐயா. அதில் கை வைத்தால் அடுத்த பந்திக்கு என்ன பதில் சொல்வேன்?"

சாத்தப்பர் இலையில் ஓங்கி அறைந்தார். "அட அநியாயமே! இலை போட்டு உட்கார்ந்தவன் வயிறு எரிகிறது. வாசற்படியே மிதிக்காதவனுக்குச் சோற்றை மூடி வைக்கிறாயா? வந்தவனுக்கு முதலில் போடு! வரப்போகிறவன் காத்திருக்கட்டும்!"

"கடைசி இலைவரை கேட்கவில்லையாம் ஐயா. இன்னொரு தரம்."

"வந்தவனுக்கு முதலில்! வரப்போகிறவன் காத்திருக்கட்டும்!" கூடம் அதிர்ந்தது.

நம்பி ராஜாவின் பக்கம் திரும்பினான். "கேட்டீர்களா அரசே? கடைத்தெரு முழுக்கச் சாட்சி. கடை வாசலில் பதினோரு தேர் நிற்கிறது. அச்சைக் கழற்ற ஆள் அனுப்பலாமா?"

மற்ற வணிகர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாத்தப்பர் அண்டாவைப் பார்த்தார். இலையைப் பார்த்தார்.

"ஒன்றே ஒன்றைக் கழற்றிக்கொள்ளட்டும்," என்றார் ஈனசுரத்தில். "சோற்றைப் போடச் சொல்."

சோறு கப்பலுக்குக் காத்திருக்கவில்லை. உடனே வந்தது.

ஆவணி முதல் நாள் காலை. தேர் புது அச்சோடு கோட்டை வாசலில் நின்றது. ராஜா ஏறி உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார். அச்சு தாங்கியது. குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"நம்பி, என்ன பரிசு வேண்டும்? உனக்கும் இதே மாதிரி ஒரு தேர் வாங்கித் தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் அரசே! ஓர் எருது கொடுங்கள், போதும். அதன் கால் பிசகினால் பக்கத்துத் தெரு வைத்தியர் எண்ணெய் போட்டுத் தேய்ப்பார். புதுக் கால் கப்பலில் வருகிறது என்று சொல்லமாட்டார்."

எருது வந்தது. தேர் மாமியார் ஊர்ப் பக்கம் கிளம்பியது. நம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்து, வீட்டைப் பார்த்து நடந்தான்.