கல் வைத்து அடைத்த சங்கு

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணற்கரை இருந்தது. அங்கே சங்கு நண்டுகள் வாழ்ந்தன.

சங்கு நண்டுக்கு முன்பாதி உடம்பில்தான் ஓடு. பின்பாதி வெறும் தோல். அதனால் செத்த நத்தையின் காலிச் சங்கைத் தேடிப் பிடித்து, பின்பாதியை அதற்குள் நுழைத்து, வீட்டைச் சுமந்துகொண்டே நடக்கும். இதில் ஒரு தொல்லை உண்டு. நண்டு வளரும்; சங்கு வளராது. கொஞ்ச காலத்துக்கு ஒருமுறை வீடு மாறித்தான் ஆக வேண்டும்.

அதற்கு அவற்றிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பெரிய சங்கு ஒன்று கரை ஒதுங்கினால் போதும். எல்லா நண்டுகளும் பெரியதிலிருந்து சிறியதுவரை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். முதல் நண்டு புதுச் சங்குக்குள் போகும். அது விட்ட வீட்டில் இரண்டாவது. இரண்டாவது விட்டதில் மூன்றாவது. இப்படியே கடைசிப் பொடி நண்டுவரை. ஒரு சங்கு வந்தால் ஒரு தெருவுக்கே வீடு கிடைத்துவிடும். சண்டை கிடையாது, சிபாரிசு கிடையாது. மனிதர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர்கள் கரைக்கு வந்தால் சுண்டல் தின்பதோடு சரி.

ஒரு வருடம் அங்கே பாறைகளைக் கொட்டி மீன்பிடித் துறைமுகம் கட்டினார்கள். அலை அடங்கியது. படகுகள் வந்தன. தினமும் மீன் ஏலம் நடந்தது. ஏலம் முடிந்த இடத்தில் மீன் தலையும் இறால் தோலும் சிதறிக் கிடந்தன. வாசனை காற்றில் போனது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நண்டுகள் வந்து இறங்கின. வந்தாரை வாழவைக்கும் கரை என்று அதற்குப் பேர் கிடைத்தது. பொய்யில்லை, யாரும் அங்கே பட்டினி கிடக்கவில்லை.

வயிறு நிறைந்தது. வீடுதான் போதவில்லை. சில நண்டுகள் சோடா மூடிக்குள் குடியிருந்தன. வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் உடைந்த பல்புக்குள் இருந்தது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரிந்ததால் அவர்கள் சண்டையே போடுவதில்லை.

இந்த நேரத்தில்தான் வளையன் தொழிலுக்கு வந்தான். அவன் மணலில் வளை தோண்டி வாழும் நண்டு. உடம்பு முழுக்க ஓடு. சங்கு அவனுக்குத் தேவையே இல்லை. வீடு தேவைப்படாதவன் வீட்டுத் தரகன் ஆனான்.

"ஓட்டைச் சங்குன்னு சொல்லாதீங்க. காத்தோட்டமான வீடு" என்பான்.

"அலை வந்து உருட்டுமே?"

"கடலைப் பார்த்த வாசல்னா சும்மாவா? ஏலக்கூடம் நாலே எட்டுல!"

அந்த நாலு எட்டு அவன் எட்டு. கரையிலேயே வேகமாக ஓடுகிறவன் அவன். சங்கு நண்டு வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர அரை நாள் ஆகும். இதை வீடு வாங்கிய பிறகுதான் எல்லோரும் கண்டுபிடித்தார்கள். முன்பு சும்மா கிடைத்த சங்குக்கு இப்போது வளையன் மீன் தலைகளை விலையாகக் கேட்டான். போன பௌர்ணமிக்கு ஒரு விலை, இந்தப் பௌர்ணமிக்கு ஒரு விலை. இறங்கியதாக யாருக்கும் நினைவில்லை.

ஒரு நாள் பெரிய அலை ஒன்று அழகான சங்கு ஒன்றை ஒதுக்கியது. பழுப்பும் வெள்ளையுமாய்ச் சுழி சுழியான சங்கு. வழக்கம்போல வரிசை கூடியது. முதலில் நின்றவன் பெருங்கொடுக்கன். கரையிலேயே பெரிய நண்டு அவன்தான். நடுவில், கொஞ்சம் பின்தள்ளி, சிறுகாலி நின்றாள். அவளுக்குச் சீக்கிரம் வீடு கிடைத்தே ஆக வேண்டும். அவள் வயிற்றில் முட்டைகளை ஒட்டிச் சுமந்துகொண்டிருந்தாள். பௌர்ணமி அலையில் அவற்றைக் கடலில் விட வேண்டும். அதுவரை சங்குக்குள் மூடிக் காக்க வேண்டும். அவளுடைய சங்கோ சின்னது. முட்டைகளில் பாதி வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தன. காகங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

பெருங்கொடுக்கன் புதுச் சங்கைச் சுற்றி வந்தான். கொடுக்கை விட்டு ஆழம் பார்த்தான். பிரமாதமாக இருந்தது. நுழையப் போகும்போது வளையன் பக்கவாட்டில் ஓடிவந்தான்.

"அண்ணே, அவசரப்படாதீங்க. நீங்க இப்ப இருக்கற வீடு இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும்ல?"

"கொஞ்சம் இறுக்கந்தான். ஆனா தாங்கும்."

"அப்புறம் எதுக்குக் குடி போறீங்க? குடி போயிட்டா அது பழைய வீடு. பூட்டி வெச்சா புது வீடு. கரை எப்படி வளருதுன்னு பாக்குறீங்கல்ல? அடுத்த மழைக்கு இதோட மதிப்பே வேற."

"பின்னாடி இத்தனை பேர் நிக்கிறாங்களே?"

"தனக்கு மிஞ்சித்தான் தானம், அண்ணே."

ஆசை யாரை விட்டது? பெருங்கொடுக்கன் புதுச் சங்கைப் பாறையடிக்கு உருட்டிக்கொண்டு போனான். அதன் வாயில் ஒரு கல்லை வைத்து அடைத்தான். வந்தவர்கள் கலைந்தார்கள். சிறுகாலி மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அண்ணே, நீங்க நகர்ந்தாத்தான் நாங்க நகர முடியும்" என்றாள்.

"உன் கஷ்டம் புரியுது, தங்கச்சி. ஆனா என் சொத்தை நான் பாக்கணுமில்ல?"

பெருங்கொடுக்கன் அதோடு நிற்கவில்லை. அடுத்து ஒதுங்கிய சங்குகளையும் மீன் தலை கொடுத்து வாங்கினான். பெரிது, நடுத்தரம், பொடிசு எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் பாறையடியில் அடுக்கி, ஒவ்வொன்றின் வாயிலும் கல் வைத்தான். மாலையில் அவற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். அப்படிச் சாப்பிட்டால் இன்னும் இரண்டு வாய் கூட இறங்கும்.

கரையில் இப்போது சங்குக்குப் பஞ்சமில்லை. திறந்த சங்குக்குத்தான் பஞ்சம்.

நன்றாகச் சாப்பிட்டால் என்ன ஆகும்? வளர்ச்சிதான். அதைத்தான் பெருங்கொடுக்கன் மறந்துபோனான். கரை மட்டும் வளரவில்லை, அவனும் வளர்ந்தான். பௌர்ணமிக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு காலை அவனுக்கு மூச்சு முட்டியது. சங்கு இடுப்பைப் பிடித்தது. கால் மரத்தது.

'சரி, மதிப்பு போனால் போகட்டும். என் வீடுதானே, குடி போய்விடலாம்' என்று நினைத்தான். பாறையடிக்குப் போய், அந்த அழகான சங்கின் வாயிலிருந்து கல்லைத் தள்ளினான். பழைய சங்கிலிருந்து திணறித் திணறி வெளியே வந்தான். பின்பக்கமாகப் புதுச் சங்குக்குள் நுழையப் பார்த்தான்.

நுழைய முடியவில்லை.

கல் வைத்த இடுக்கு வழியாக ஒவ்வொரு அலையிலும் மணலும் சேறும் உள்ளே இறங்கியிருந்தன. வெயிலில் காய்ந்து இறுகியிருந்தன. குடியிருக்கும் நண்டு தினமும் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குடியில்லாத சங்கில் யார் தள்ளுவது? பெருங்கொடுக்கன் கொடுக்கை விட்டுக் குடைந்தான். வாசல் மணல்தான் வந்தது. உள்சுழிக்குள் அவன் கொடுக்கு போகவே இல்லை. அலை எட்டாத உயரத்தில் அடுக்கியிருந்ததால் மணல் ஏறாத மற்ற சங்குகளைப் பார்த்தான். எல்லாம் அவனைவிடச் சின்னவை. பழைய வீட்டுக்கே திரும்பலாம் என்று முயன்றான். ஒருமுறை வெளியே வந்த உடம்பு மறுபடி அதற்குள் அடங்கவில்லை.

ஊரிலேயே அதிக வீடு வைத்திருந்தவன் வெறும் உடம்போடு பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டு நின்றான்.

ஏலக்கூடத்தில் காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. ஏலம் முடியும்வரை அவை அங்கேதான் இருக்கும். முடிந்ததும் கரைக்கு வரும்.

அந்தப் பக்கம் சிறுகாலி வந்தாள். அவனைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்தது. சிரிப்பும் வந்தது. ஆனால் அப்படி நிற்பதன் பயம் அவளுக்குத் தெரியும் என்பதால் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"தங்கச்சி, நல்ல நேரத்துல வந்தே. உன் கால் சின்னது. உள்சுழி வரைக்கும் போகும். அந்த மணலை எடுத்து விடேன். என்கிட்ட இருக்கற மீன் தலை முழுக்கத் தரேன்."

"மீன் தலைக்குள்ள முட்டையை வெச்சுக் காப்பாத்த முடியுமா, அண்ணே?"

பெருங்கொடுக்கன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு குரலைத் தணித்து, "சரி. உனக்கு மட்டும் ஒரு வீட்டைத் திறந்து விடறேன். யார்கிட்டயும் சொல்லாதே" என்றான்.

சிறுகாலி பாறையடியைப் பார்த்தாள். அவள் அளவுக்கு ஒரு சங்கு அங்கே பக்கத்திலேயே இருந்தது. கல்லை மட்டும் தள்ளினால் போதும். பிதுங்கி நின்ற முட்டைகளைக் காலால் ஒருமுறை தடவிக்கொண்டாள். பிறகு மணல் இறுகிய பெரிய சங்கை எட்டிப் பார்த்தாள்.

"நான் ஒருத்தி எடுத்தா இது சாயங்காலம்தான் முடியும். அதுக்குள்ள காக்கா வந்துடும். நீங்களும் இருக்க மாட்டீங்க, ஒருவேளை நானும் இருக்க மாட்டேன். வரிசையே வரணும், அண்ணே. வரிசை வரணும்னா எல்லா வாசலும் திறக்கணும்."

"எல்லாமா?"

"எல்லாந்தான். முதல்ல திறங்க. அப்புறம் கூப்பிடறேன்."

"முதல்ல மணலை எடுங்க. அப்புறம் திறக்கறேன்."

"சரி, யோசிச்சு வைங்க. ஏலம் முடியற மாதிரி இருக்கு" என்று சிறுகாலி திரும்பினாள்.

காகங்களின் சத்தம் குறைந்திருந்தது. பெருங்கொடுக்கன் இடுக்கிலிருந்து பாய்ந்து வந்தான். ஒவ்வொரு கல்லாகத் தள்ளினான். தன் கையால் வைத்த கற்கள்தான். தள்ளும்போதுதான் எத்தனை வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது.

சிறுகாலி ஒரு குரல் கொடுத்தாள். சோடா மூடிக்காரர்கள் வந்தார்கள். பல்புக் குடும்பம் வந்தது. பெரியவர்கள் வாசல் மணலை வாரினார்கள். நடுத்தரக்காரர்கள் நடுச்சுழியைக் குடைந்தார்கள். பொடி நண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைசிச் சுழிவரை போய், வாய் நிறைய மணலோடு திரும்பின. வீட்டுக்காகக் காத்திருந்தவர்களின் வேகம் வேறு யாருக்கும் வராது.

முதல் காகம் துறைமுகச் சுவரில் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"போதும், நுழைங்க!" என்றாள் சிறுகாலி.

பெருங்கொடுக்கன் நுழைந்தான். டக். அவன் விட்ட சங்கில் அடுத்தவன். டக். அடுத்தவன் விட்டதில் அதற்கடுத்தவள். டக், டக், டக் என்று வரிசை முழுக்கச் சத்தம் ஓடியது. பாறையடியில் திறந்து கிடந்த சங்குகளும் ஒவ்வொன்றாக நிறைந்தன. சிறுகாலி தன் அளவுக்கு வந்த சங்குக்குள் புகுந்து, முட்டைகளைப் பத்திரமாக உள்ளே இழுத்துக்கொண்டாள். கடைசிப் பொடி நண்டு சோடா மூடியை உதறிவிட்டு உள்ளே போனது.

காகம் இறங்கி வந்தது. ஒரு சங்கைக் கொத்தியது. இன்னொன்றைக் கொத்தியது. அலகுதான் வலித்தது. பறந்து போய்விட்டது.

செய்தி கேட்டு வளையன் மூச்சிரைக்க ஓடிவந்தான். சிதறிக் கிடந்த கற்களைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? இன்னும் ரெண்டு பௌர்ணமி பொறுத்திருந்தா எங்கேயோ போயிருப்பீங்க!"

"காக்கா வயித்துக்குத்தான் போயிருப்பேன்" என்று சங்குக்குள்ளிருந்து பதில் வந்தது.

அதற்குமேல் வளையன் அங்கே நிற்கவில்லை. அடுத்த கரையிலும் துறைமுகம் வரப்போகிறதாம் என்று சொல்லிக்கொண்டு, பக்கவாட்டிலேயே ஓடிப்போனான்.

பௌர்ணமி வந்தது. சிறுகாலி அலையோரம் போய், முட்டைகளைக் கடலில் விட்டுவிட்டு, சந்தோஷமாகத் திரும்பினாள். கரை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வெளியூர் நண்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வரட்டும். பெரிய சங்கு ஒதுங்கினால் வரிசை கூடுகிறது. முதலில் நிற்கும் பெருங்கொடுக்கன் யார் பேச்சையும் கேட்காமல் உடனே உள்ளே போய்விடுகிறான்.

பிறர் நுழையாதபடி நாம் பூட்டி வைக்கும் வீட்டு வாசலில், ஒருநாள் நாமே வெளியே நிற்க வேண்டிவரும்.