மருதனின் வாய்க்கால் ஒழுகுகிறது

"அம்மா, மருதன் வாய்க்கால் ஒழுகுது" என்றார் சடையர்.

உலகம்மை வன்னி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சடையர் கொண்டு வந்த தண்ணீர்க் குடம் பக்கத்தில் இருந்தது.

"நேத்தும் இதைத்தானே சொன்னீங்க?"

"நேத்து ஒழுகினது நேத்தோட போச்சு. இன்னைக்கும் ஒழுகுது."

பாலையின் நடுவில் இருந்தது அந்த நகரம். ஒட்டகக் கூட்டங்கள் வருடாவருடம் சரக்கோடு ஒரு புதுத் தெருவையும் இறக்கிவிட்டுப் போயின. தண்ணீர் மட்டும் பழைய தண்ணீர்தான். மலையிலிருந்து வருவது ஒரே ஓடை. அது ஊருக்குள் நுழையும் இடத்தில் குறுக்கே ஒரு கருங்கல் நிற்கும். அதில் தெருவுக்கு ஒரு துளை. எந்தத் துளை எவ்வளவு அகலம் என்று சொல்கிற உரிமையை ஊர் உலகம்மையிடம் கொடுத்திருந்தது. அவருக்குச் சொந்தமாக ஒரு செடிகூட இல்லை என்பதுதான் காரணம்.

உலகம்மைக்கு வயது நாற்பது. சடையருக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் அவர்தான் சீடர்.

நகரத்துக் கிணறுகள் எல்லாம் உப்பு. சடையர் வீட்டுக் கிணறு ஒன்றுதான் இனிக்கும். அதுவும் அவருடைய அப்பா காலத்தில் உப்புதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக இனிக்க ஆரம்பித்தது. தான் கிணற்றடியில் தினமும் விளக்கு வைப்பதால் வந்த இனிப்பு என்று சடையர் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அந்தத் தண்ணீரில்தான் தினமும் காலையில் அம்மைக்கு ஒரு குடம். அந்தக் குடத்தை வேறு யாரும் தொட அவர் விட்டதில்லை. அவருக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

மருதனும் சீடன்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் புதுத் தெருவோடு வந்தவன். சடையர் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம், மேட்டில் அவன் வீடு. மதிலை ஒட்டியே அவனுடைய மண் வாய்க்கால் மாதுளைத் தோட்டத்துக்கு ஓடியது.

சடையர் ஒருநாள் மதில்மேல் ஏறி அவன் மாதுளைகளை எண்ணினார். எண்ணும்போதே வயிறு எரிந்து கணக்குத் தப்பியது. இறங்கவில்லை. முதலிலிருந்து எண்ணினார்.

போன வாரம் மருதன் ஏதோ சொல்ல, அம்மை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சடையர் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. அதுவும் கணக்கில் இருந்தது.

"ஒழுகின தண்ணி எங்க போகுது?" என்று கேட்டார் உலகம்மை.

"எங்க போகும்? மண்ணுக்குள்ள போய் வீணாகுது."

"வீணானதைப் பாத்தீங்களா?"

"மண்ணுக்குள்ள போனதை எப்படிம்மா பாக்குறது?"

உலகம்மை செம்பில் மீதியிருந்த தண்ணீரைக் காலடி மணலில் ஊற்றினார். மணல் ஒரே மடக்கில் குடித்தது.

சடையர் தடுக்கக் கையை நீட்டினார். அது அவர் கிணற்றுத் தண்ணீர்.

"என்னம்மா இது!"

"எங்க போகுதுன்னு பாத்தேன்."

சடையருக்கு அது விளங்கவில்லை. விளங்காததைத் தள்ளிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அவன் வாய்க்காலுக்குச் சுண்ணாம்புக் காரை பூசணும். ஒழுகல் நின்னா பாதித் துளை போதும் அவனுக்கு. மீதியை எங்க தெருப் பக்கம் திருப்பலாம்."

"சரி, பூசுங்க."

"நானா?"

"ஒழுகுறது உங்க கண்ணுக்குத்தானே தெரியுது."

"பூசி முடிச்சா துளையைச் சின்னதாக்குவீங்களா?"

"முடிச்ச பிறகும் நீங்க கேட்டா, ஆக்குறேன்."

சடையர் மறுநாளே சுண்ணாம்பும் சட்டியுமாக மேட்டுக்குப் போனார். மருதன் ஓடி வந்தான்.

"அண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? இந்த வயசுல..."

"என் வயசை நீ எண்ணாதே."

"நான் எங்க எண்ணினேன்? எண்ணுறதெல்லாம் நீங்கதானே. மதில்மேல உங்க தலை தெரிஞ்சாலே என் பொண்டாட்டி மாதுளைக்கெல்லாம் திருஷ்டி கழிக்கிறா."

சடையர் சுண்ணாம்பைக் குழைக்க ஆரம்பித்தார். மருதன் சிரித்துக்கொண்டே கடப்பாரையை எடுத்து வந்து வாய்க்காலில் கிடந்த கற்களை நெம்பிப் போட்டான். அவன் மனைவி மோர் கொண்டு வந்தாள். சடையர் மோரைக் குடித்தார். நன்றாக இருந்தது. அதுவும் எரிந்தது.

பொறாமையிலும் அவர் வேலை சுத்தம். ஒரு மயிரிழை விரிசல் விடாமல் பூசினார். காய்ந்ததும் தண்ணீர் விட்டு, குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவரால் தாங்க முடியாதது.

மருதன் தோட்டத்தில் கடைசி வரிசை மரங்கள் அதுவரை தண்ணீர் எட்டாமல் குச்சியாக நின்றவை. அவை துளிர்த்தன. பூத்தன.

மருதன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அண்ணே! உங்க கை ராசி, அண்ணே! முதல் பழம் உங்களுக்குத்தான்."

சடையர் கண்ணில் சுண்ணாம்பு விழுந்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளைக்கே போய்த் துளையைச் சின்னதாக்கச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்.

மறுநாள் விடிந்ததும் கிணற்றில் வாளியை இறக்கினார். கயிறு வழக்கத்தைவிட நீளமாக இறங்கியது. இறைத்த தண்ணீரை வாயில் வைத்தார்.

கரித்தது.

குடத்தின் குற்றம் என்று நினைத்தார். புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். கரித்தது. கிணற்றடியில் இரண்டாவது விளக்கு வைத்தார். மூன்றாவதும் வைத்தார். நாளுக்கு நாள் கயிறு இன்னும் நீளமாக இறங்கியது, தண்ணீர் இன்னும் கரித்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு வீட்டிலேயே கிடந்தார். வெறும் கையோடு அம்மை முன்னால் போக அவரால் முடியாது. வேறு கிணற்றில் எடுத்துப் போகவும் முடியாது.

கிடந்தபடியே யோசித்தபோது பதில் கிடைத்தது. கிடைத்ததும் எழுந்து, உப்புத் தண்ணீரையே குடத்தில் நிரப்பிக்கொண்டு நடந்தார்.

"அம்மா, மருதன் என் கிணத்துல உப்பைக் கொட்டிட்டான்!"

உலகம்மை குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்துக் குடித்தார். முகம் மாறவில்லை. கடைசி வாய் வரைக்கும் குடித்தார்.

"கரிக்குதா, இல்லையா?"

"கரிக்குது."

"பாத்தீங்களா! தோட்டம் அவனுக்கு. பூ அவனுக்கு. உங்க சிரிப்பும் அவனுக்கு. எனக்குன்னு இருந்தது இந்தக் குடம் ஒண்ணுதான். அதுவும் அவனுக்கு வேணுமாம். நாளைக்கு அவன் தண்ணி கொண்டு வருவான். நீங்க குடிப்பீங்க. நான் இந்த மரத்தடியில உக்காந்து அதைப் பாக்கணும்."



உலகம்மை குடத்தைப் பார்த்தார்.

"இது யார் தண்ணி, சடையரே?"

"என் கிணத்துத் தண்ணிதான்."

"முழுசும்?"

"ஒரு சொட்டுகூட வேற யாருதும் இல்ல."

உலகம்மை தலையாட்டினார். வெறும் செம்பை மணலில் வைத்தார். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றிய அதே இடம்.

"அப்போ இத்தனை வருஷமா கொண்டு வந்தீங்களே, அது?"

சடையர் வாயைத் திறந்தார். செம்பைப் பார்த்தார். செம்புக்குக் கீழே இருந்த மணலைப் பார்த்தார். மேட்டுப் பக்கம், தான் காரை பூசிய வாய்க்கால் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார்.



வெயில் மரத்தடிக்குள் வந்துவிட்டது.

"துளையைச் சின்னதாக்கணுமா?" என்று கேட்டார் உலகம்மை.

"வேண்டாம்மா."

சடையர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு கடப்பாரை இருக்குமா?"

"என்கிட்ட ஏது? மருதன்கிட்ட இருக்கு. போய்க் கேளுங்க."