காராயியின் ஒற்றைத் துப்பாக்கி

மலையும் புதர்க்காடுமாகக் கிடந்த வேங்கைச் சீமையை முன்னொரு காலத்தில் கோதண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். விடிந்தால் அவனுக்கு வேட்டை. அந்த வேட்டையாவது உருப்படியாக நடந்ததா என்றால் அதுவும் இல்லை.

அவனுடைய ஆயுதசாலையில் சுவரே தெரியாமல் துப்பாக்கிகள் தொங்கின. மானுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, முயலுக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று. மழைக்காலத்து மானுக்குத் தனியாக வேறொன்று. எல்லாம் ஆயுதசாலை அதிகாரி மகுடேசனின் யோசனை. "ஒரு துப்பாக்கி இரண்டு மிருகத்துக்கு ஆகாது, மகாராஜா" என்று ஓதி ஓதியே அவன் பெரிய ஆளாகிவிட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டு உறை, தூக்கிவர ஓர் ஆள். மகுடேசன் கூட வராமல் எந்தத் துப்பாக்கியும் அரண்மனை வாசலைத் தாண்டக்கூடாது, உறையை அவன்தான் தன் கையால் அவிழ்க்க வேண்டும் என்பது அவனே உண்டாக்கிய வழக்கம். அவன் முடிச்சை அவிழ்ப்பதற்குள் மான் அடுத்த மலைக்குப் போய்விடும். அப்போதாவது ராஜாவுக்குப் புத்தி வந்ததா? இன்னொரு துப்பாக்கி வாங்கச் சொன்னான்.

ஒருநாள் அப்படி வெறுங்கையோடு திரும்பியவர்கள் மலையடிவாரத்தில் காராயி என்பவளின் சோளக்கொல்லை வழியாக வந்தார்கள். புருஷன் இல்லாதவள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கொல்லைதான் வருஷச் சோறு. பரண்மேல் நின்றவள், பழைய நாட்டுத் துப்பாக்கியில் மருந்தும் பொடி ரவையும் கெட்டித்து, கிளிக்கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் புதரிலிருந்து ஒரு பன்றி தலைநீட்டியது. அதே துப்பாக்கியில் உருண்டைக் குண்டைப் போட்டு இறுக்கி, அதையும் சாய்த்தாள்.

ராஜா வாய்பிளந்து பார்த்தான். பிறகு மகுடேசனைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை மகுடேசனுக்குச் சுருக்கென்று தைத்தது. இவளை இப்படியே விட்டால் தன் பிழைப்பு போய்விடும் என்று அவனுக்குத் தெரியாதா? இப்பேர்ப்பட்ட அதிசயத் துப்பாக்கி கொல்லையில் கிடப்பது சிம்மாசனத்துக்கே இழுக்கு என்றான். ராஜாவும் தலையாட்டினான். அவ்வளவுதான். கதிர் முற்றுகிற சமயத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தியிடம் இருந்த ஒரே துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சுவர் நிறையத் துப்பாக்கி வைத்திருந்தவன் செய்த காரியம் இது. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

காராயி மறுநாளே அரசவைக்கு வந்துவிட்டாள். அழவில்லை, காலில் விழவில்லை.

"நேத்தே பன்னி இறங்கிருச்சு, சாமி. இப்பிடியே விட்டா அறுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. எம் பிள்ளைங்க எதைத் திங்கும்? எந் துப்பாக்கியைக் குடுங்க."

ஒரு துப்பாக்கிக்கு இத்தனை ரகளையா என்றான் மகுடேசன். முயல் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ராஜாவுக்கு யோசனையும் சொன்னான். நடந்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்த மந்திரி அம்பலவாணர் அப்போதுதான் எழுந்தார்.

"மகுடேசரே, முயல் துப்பாக்கியால் பன்றியைச் சுடலாமா?"

சுடலாம் என்றால் இத்தனை காலம் ஓதியதெல்லாம் பொய்யாகிவிடும். சுடவே முடியாது என்றான் மகுடேசன். அப்படியானால் பன்றித் துப்பாக்கியும் கொடுக்க வேண்டுமே என்றார் மந்திரி. மான் வந்தால்? பறவை வந்தால்? மழை வந்து, அதில் மானும் வந்தால்? ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துப்பாக்கிதான் என்று சொல்லிச் சொல்லியே மகுடேசனுக்கு வேர்த்துவிட்டது.

மந்திரி ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, எல்லாவற்றுக்கும் ஆகிற ஒன்றை இவளிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அதற்கு ஈடு என்றால் இவர் சொல்கிறபடி ஆயுதசாலை முழுவதும்தான். இவர் கூட வராமல் துப்பாக்கி வாசலைத் தாண்டக்கூடாது என்பதும் இவர் வைத்த வழக்கம். ஆகையால் இவரும் பரண் ஏறட்டும்."

ராஜாவுக்கு அதிலிருந்த குத்தல் உறைக்கவில்லை. வேடிக்கை பார்க்கலாம் என்ற ஆசையில் சரி என்றுவிட்டான்.

அன்று சாயங்காலம் சுமையாட்கள் வரிசையாக வந்து, பாதிக் கதிரை மிதித்தபடி பரணடியில் நின்றார்கள். கொல்லை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த ராஜா, காராயியின் துப்பாக்கியைப் பட்டு உறையோடு மடியில் வைத்துக்கொண்டான். முதலில் கிளிகள் இறங்கின. மகுடேசன் பரண்மேலிருந்து பறவைத் துப்பாக்கி கேட்டு வாங்கி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே பன்றிக்கூட்டம் உள்ளே புகுந்தது. இது வேண்டாம், பன்றித் துப்பாக்கியைக் கொண்டா என்று கத்தினான். அதைத் தூக்கிவந்த ஆளோ பன்றியைக் கண்டதும் ஓடிப்போயிருந்தான். மகுடேசன் பரண் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

சோளத்தட்டை முறிகிற சத்தத்தைக் காராயியால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று ராஜாவிடம் போனாள். அவன் மடியிலிருந்த தன் துப்பாக்கியை எடுத்து, பட்டைக் கிழித்தெறிந்து, இடுப்புப் பையிலிருந்த மருந்தையும் குண்டையும் கெட்டித்துச் சுட்டாள். ஒரு பன்றி விழுந்தது. மற்றவை காட்டுக்குள் ஓடிவிட்டன.

காவலர்கள் அவளைப் பிடிக்க வந்தார்கள். மந்திரி கையைக் காட்டி நிறுத்தினார். காராயி ராஜாவைப் பார்த்துச் சொன்னாள்: "உங்களுக்கு ஒண்ணு கூடுனா அது சுவத்துல தொங்கும். எனக்கு இருக்கற ஒண்ணு போனா உலையில போட ஒண்ணும் இருக்காது. இது தெரியாமயா ராஜாவா இருக்கீங்க?"

ராஜா நாற்காலியை விட்டு எழுந்தான். பிறகு அந்தத் துப்பாக்கி அவளுடையதே என்றான். அழிந்த சோளத்துக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து தானியம் அளக்கச் சொன்னான். தனக்கென்று ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு, மற்றவற்றை மலையடிவாரத்துக் குடியானவர்களுக்குக் கொடுத்துவிடும்படி உத்தரவிட்டான். தன் தோள் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினான்.

அப்படியானால் தனக்கு என்ன வேலை என்று பரண்மேலிருந்து மகுடேசன் ஈனக்குரலில் கேட்டான்.

"எல்லா மிருகத்துக்கும் ஆகிற ஆயுதம் உம்மிடம் ஒன்று இருக்கிறதே, அந்த வாய்" என்றார் அம்பலவாணர். "அறுவடை முடிகிறவரை அங்கேயே நின்று கத்தும்."

சீமை முழுக்க ராஜாவின் நீதியைப் புகழ்ந்தார்கள். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்ததற்கு இத்தனை புகழ். காராயியையும் ராஜாவை வாழ்த்தச் சொன்னார்கள். அவள் வாழ்த்தவில்லை. கிளிகள் மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தன, அவள் துப்பாக்கியில் ரவையைப் போட்டாள்.