முப்பாட்டன் அம்பும் நான்கு விரற்கடையும்

அந்தக் காலத்தில், ஒரு பெரிய ஆற்றின் கரையில் குவளை நாடு என்றொரு நாடு இருந்தது. அதை மருதவர்மன் என்ற அரசன் ஆண்டு வந்தான். கோபம் வந்தால் சமையல்காரனை நாடு கடத்துவான். பசி வந்ததும் அவனைத் தேடி ஆள் அனுப்புவான். அவனுடைய கைகள் முழங்காலைத் தொடும். புலவர்கள் அவனைப் பற்றிப் பொய் கலக்காமல் பாடியது அது ஒன்றைத்தான்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். நாட்டை நிறுவிய முப்பாட்டனின் அம்பு ஒன்று வெள்ளித் தட்டில் இருந்தது. நாட்டில் எந்த அம்பையும் அந்த நீளத்துக்குத்தான் வெட்ட வேண்டும். தட்டுக்குக் காவல் ஆயுதசாலைத் தலைவன் காரிவேள். பெற்ற பிள்ளையைக்கூட அவன் அத்தனை பத்திரமாகத் தூக்கியதில்லை.

சிக்கல் என்னவென்றால், நீண்ட கைக்காரனான அரசன் நாணை முழுதாக இழுத்தால் அம்பின் முனை வில்லுக்கு உள்ளே வந்து நழுவிவிடும். மூன்று முறை அவனுடைய இடக்கையே கிழிந்தது. அம்பு செய்தவன் சரியில்லை என்றான் காரிவேள். அப்படித்தான் அக்கரை நாணல்துறையிலிருந்து சேயோன் என்ற அம்புத் தச்சனைப் பிடித்து வந்தார்கள். வந்த அன்றே அவன் நீளத்தைப் பற்றி வாயெடுத்தான். முப்பாட்டன் அளவைக் குறை சொன்னால் நாக்கு இருக்காது என்று காரிவேள் அடக்கிவிட்டான். அரசனோ, அளவு எள்ளளவும் கூடக் கூடாது, அம்பும் நழுவக் கூடாது, அதுவரை ஆற்றைக் கடக்காதே என்று உத்தரவு போட்டுவிட்டு உறங்கப் போனான்.

சேயோன் கிளம்பியபோது அவன் மனைவி கொற்றிக்கு ஆறு மாதம். இப்போது நான்கு மாதங்கள் ஓடிவிட்டன. பிள்ளை பிறந்ததா, அவள் நலமா, ஒன்றும் தெரியாது. மாலையானால் மதில்மேல் ஏறி அக்கரையைப் பார்ப்பான். நாணல் புதருக்குப் பின்னால் அடுப்புப் புகை எழும். அதில் எது தன் வீட்டுப் புகை என்று தேடுவான். தன்னை அறியாமல் இரண்டு கைகளையும் நீட்டுவான். காவலர்கள் சிரிப்பார்கள். நாலு மாதமாக ஒருத்தியை நினைத்துக்கொண்டு இருப்பவனுக்கு அவர்கள் சிரிப்பது எங்கே காதில் விழும்?

கடைசியில் ஒரு நாள் காலை, முப்பாட்டன் அளவிலேயே ஓர் அம்போடு சபைக்கு வந்தான்.

“இது நழுவாதா?” என்றான் அரசன்.

“முப்பாட்டனாரின் போர்ச்சட்டையை அணிந்து எய்தால் நழுவாது, அரசே. சட்டையும் அம்பும் ஒரே உடம்புக்குச் செய்தவை அல்லவா?”

இவன் இன்று தொலைந்தான் என்ற மகிழ்ச்சியில் காரிவேளே ஓடிப்போய்ச் சட்டையைக் கொண்டுவந்தான். நாலு பேர் சேர்ந்து அரசனை அதற்குள் திணித்தார்கள். சட்டையின் கை அவன் முழங்கையோடு நின்றுவிட்டது. அரசன் மூச்சை அடக்கி நாணை இழுத்தான். முதுகில் சட்டை டர்ரென்று கிழிந்தது. சபை முழுவதும் கூரையைப் பார்த்தது.

“நாணை விட்டுவிடாதீர்கள், அரசே. மெல்லத் தளர்த்துங்கள்” என்று சேயோன் பதறினான். “முனை எங்கே வந்துவிட்டது பாருங்கள்.”

பார்த்தார்கள். முனை வில்லுக்கு உள்ளே வந்து, அரசனின் கட்டைவிரலைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது.

முப்பாட்டனைக் குள்ளர் என்கிறான் என்று காரிவேள் குதித்தான். சேயோன் அவன் பக்கம் திரும்பவில்லை. அம்பின் அடியை அரசனின் மார்பில் வைத்து, இரு கைகளையும் முன்னே நீட்டச் சொன்னான். முனை விரல்களைக்கூட எட்டவில்லை.

“விரல் நுனியைத் தாண்டி நான்கு விரற்கடை, நான்கு விரல் அகலம், அம்பு நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் எய்பவன் கை பிழைக்கும். முப்பாட்டனாரும் தம் கையை நீட்டிப் பார்த்து இப்படித்தான் வெட்டியிருப்பார். அந்த வழக்கத்தை மறந்துவிட்டு, குச்சியை மட்டும் தட்டில் வைத்திருக்கிறோம்.”

அரசன் கிழிந்த சட்டையோடு வயிறு குலுங்கச் சிரித்தான். சேயோனுக்குப் பட்டாடை போர்த்தச் சொன்னான். அதோடு விட்டானா? இத்தனை கெட்டிக்காரனை இனி அரண்மனையை விட்டு அனுப்புவதே இல்லை என்றும் சொல்லிவிட்டான். சேயோன் அவசரமாகக் கை கூப்பினான்.

“நீளம் கூடினால் தண்டும் தடிக்க வேண்டும், அரசே. மெல்லிய தண்டு நாணின் வேகத்தில் ஒடிந்து கையில் பாயும். அதற்கேற்ற நாணல் எங்கள் கரையில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாக நானே வளைத்துப் பார்க்க வேண்டும்.”

“வெட்டி இங்கே கொண்டுவரச் சொன்னால் போயிற்று.”

சேயோன் தலை குனிந்தான். “கொண்டுவரலாம். ஆனால் நான் போக வேண்டும், அரசே. தினமும் மதில்மேல் நின்று அக்கரைக்குக் கை நீட்டுகிறேன். கை எவ்வளவு நீண்டாலும் வேண்டியது எட்டாது என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. என் பிள்ளை முகம் எனக்குத் தெரியாது.”

அரசன் தன் நீண்ட கைகளைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு, அம்பை ஊரிலிருந்தே செய்து அனுப்பு என்றான். படகு ஓட்ட யார் என்ற கேள்வி வந்தபோது அவன் கண் காரிவேள்மேல் விழுந்தது.

வெள்ளித் தட்டு ஏந்திய கைகள் அன்று துடுப்புப் போட்டன. நடு ஆற்றிலேயே கொப்புளம் வந்துவிட்டது. அக்கரையில் கொற்றி மார்போடு அணைத்த குழந்தையோடு நின்றிருந்தாள். படகு தரை தட்டி நின்றது. சேயோன் எழுந்து கைகளை நீட்டினான். நான்கு விரற்கடை கூடினாலும் எட்டாத தூரம். கொற்றி சேலை நனையத் தண்ணீரில் இறங்கி வந்து, குழந்தையை அவன் கையில் வைத்தாள்.