செவலையும் மயிலையும் ஒயர் கூடையும்

மேகம் இறங்கி வந்து தேயிலைக்குள் நடமாடுகிற ஒரு மலையில், கோத்தகிரிக்கு மேலே, ஒரு தகரக் கொட்டகைக்குள் இரண்டு கார்கள் குடியிருந்தன. ஒன்று சிவப்பு. இன்னொன்று சாம்பல் பூத்த நீலம். பார்வைக்கு நாலு கதவு வைத்த வீட்டுக் கார்தான். பிள்ளை குட்டியோடு கல்யாணத்துக்குப் போய் வரலாம். ஆனால் இரண்டும் கார் ரேலிக்கென்றே பிறந்த சாதி. சேறும் சரளையும் கொண்டை ஊசி வளைவும் அவற்றுக்குச் சோறு மாதிரி.

இளமையில் ஒன்றையொன்று துரத்தித் துரத்தி ஓடியவை. ஒரு வருஷம் அது ஜெயித்தால் மறு வருஷம் இது. கடைசியில் போஜன் என்கிற ஒரே எஜமானரிடம் வந்து சேர்ந்து, ஒன்றின் மூச்சு இன்னொன்றுக்கு ஆகாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. போஜன் முழங்கால் வலிக்காரர். இரண்டையும் கட்டி மேய்க்க முடியவில்லை, ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன், ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேட்டுப்பாளையத்து நாச்சிமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினார். எது வேண்டும் என்பதையும் அவரே முடிவு பண்ணட்டும் என்றார்.

நாச்சிமுத்துவும் அவர் மனைவி கோகிலவாணியும் ரேலி ஓடிய ஜோடி. ஓட்டுகிறவள் கோகிலவாணி. நோட்டுப் படிக்கிறவர் நாச்சிமுத்து. ஊரில் பாதிப் பேர் இதை மாற்றித்தான் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொண்டு போகட்டும், நமக்கென்ன.

நோட்டு என்றால் வேறொன்றுமில்லை. பந்தயத்துக்கு முன்னால் மெதுவாகப் போய், பாதையின் ஒவ்வொரு வளைவையும் எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று எண் போட்டு எழுதிக்கொள்வார்கள். பந்தயத்தன்று இடது பக்கத்துச் சீட்டில் இருக்கிறவர் அதைப் படிக்கப் படிக்க, வலது பக்கத்தில் இருக்கிறவர் ஓட்ட வேண்டும். பனி மூடினாலும், தூசி மூடினாலும், கண்ணை நம்பக் கூடாது. காதை நம்ப வேண்டும். அப்படி ஒருத்தி தன் உயிரைத் தூக்கி இன்னொருவர் வாயில் வைப்பது லேசுப்பட்ட காரியமா?

அவர்கள் நோட்டில் அவர்களுக்கே உரிய ஒரு சொல் இருந்தது. மலைப் பாதையில் பொய் வளைவுகள் உண்டு. இதோ வந்துவிட்டது என்று கண் பதறும். ஆனால் வளைவு இன்னும் தள்ளி இருக்கும். அந்த இடத்தில் நாச்சிமுத்து, "வரட்டும்" என்பார். வளைவு வரட்டும், பிரேக்கைத் தொடாதே என்று அர்த்தம். கோகிலவாணியும் தொடமாட்டாள். எத்தனையோ கோப்பைகளை அந்த ஒரு சொல் வாங்கித் தந்திருக்கிறது.

அந்தச் சொல்லே கவிழ்த்தும் விட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே போஜன் வீட்டு மலைப் பாதையில், ஓட்டத்தின் நடுவே கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. மழை வருமாட்ட இருக்குதுங்க என்றாள் கோகிலவாணி. மழைக்குப் பயந்தவரா நாச்சிமுத்து? வீட்டில் சொல்கிற மாதிரியே, "வரட்டும்" என்று சொல்லிவிட்டார். மழை வந்தால் வரட்டும் என்றுதான் சொன்னார். அவள் காதில் அது நோட்டாக விழுந்தது. பிரேக் போட வேண்டிய இடத்தில் போடவில்லை. கார் தேயிலைக்குள் பாய்ந்து, அவள் வலது மணிக்கட்டு முறிந்தது.

கை கூடிவிட்டது. ஆனால் அன்றைக்கு அவர்கள் வீட்டை விட்டுப் போன சொல் திரும்பி வரவில்லை. பால்காரர் நாளைக்கு வரட்டுங்களா என்று கேட்டால், நாச்சிமுத்து தலையை மட்டும் ஆட்டுவார். கோகிலவாணி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கூட அழுது தீர்த்திருப்பார் மனுஷன். கடைக்கு, கோயிலுக்கு அவள்தான் கார் ஓட்டுவாள். அவர் பின்சீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து போவார். இடது சீட்டில் ஒரு பச்சை ஒயர் கூடை. சீட்டில் கனம் இருந்து பெல்ட் போடாவிட்டால் கார் கீச்சு கீச்சென்று கத்தும் என்பதால் கூடைக்குப் பெல்ட் வேறு.

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஓடப் போகிறேன், வண்டியை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று போன வாரம்தான் கோகிலவாணி வாயைத் திறந்தாள். நோட்டை யார் படிப்பது என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டு, வேறொரு பெயர் வந்துவிட்டால்?

இப்படிக் கேட்காத கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அன்று காலை கொட்டகைக்குள் நுழைந்தார். கோகிலவாணி போஜன் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். மேகம் கதவிடுக்கில் புகுந்து இரண்டு கார்களின் முழங்கால் வரை படுத்திருந்தது. சிவப்பைச் செவலை என்றும் நீலத்தை மயிலை என்றும் பார்த்தவுடனே பெயர் வைத்துவிட்டார். மாட்டுக்கு வைக்கிற பெயர்தான். கொங்குநாட்டுக்காரர் கண்ணுக்கு, வேகமாகப் போகிறதெல்லாம் மாடு. பெயர் வைத்ததும் அவை பேச ஆரம்பித்தன. எல்லார் காதுக்கும் அது எட்டாது. நோட்டுப் படிக்கிறவர் காது வேறு ரகம்.

செவலை முதலில் பேசியது. தன் வயிற்றுக்குள் ஒரு மூளை இருக்கிறது என்றது. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பலம் என்று தானே கணக்குப் பார்த்துக்கொள்ளுமாம். ஓட்டுகிறவள் கொஞ்சம் பிசகினாலும் தான் பிசகாமல் திரும்பிவிடுமாம். பொய் சொல்கிற குரலாக இல்லை.

மயிலை குடுகுடுவென்று தொண்டையைச் செருமியது. அதன் இன்ஜினில் பிஸ்டன்கள் மற்ற கார்களைப் போல நிமிர்ந்து நிற்காது, படுத்திருக்கும். பேச்சும் படுத்துக்கொண்டே பேசுகிற மாதிரிதான்.

"எனக்கு அத்தனை சூட்டிகை பத்தாதுங்க. சொன்னா செய்வேன். நல்லபடி சொன்னா நல்லபடி போவேன். தப்பாச் சொன்னா தப்பாத்தான் போவேன்."

நாச்சிமுத்துவுக்குத் திக்கென்றது. தன்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது.

அதே மலைப் பாதையில் தண்ணீர்த் தொட்டி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் போஜன். முதலில் செவலை. கோகிலவாணி பழக்கத்தில் கூடையை இடது சீட்டில் வைத்துப் பெல்ட் மாட்டினாள். நாச்சிமுத்து பின்னால் ஏறினார். சும்மா சொல்லக் கூடாது, செவலை பறந்தது. ஈரத் தரையில் ஒரு இடத்தில் அவள் கை தாமதித்தது. வண்டி தானாகவே மூக்கைத் திருப்பி வளைவுக்குள் புகுந்தது. அவள் முகம் மலர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தார். சந்தோஷமாகவும் இருந்தது, தனக்கு இங்கே வேலை இல்லை என்றும் பட்டது.

"பாத்தீங்களா? எனக்கு ஒரு ஆளு போதும்" என்றது செவலை. "அந்த இடது சீட்டக் கழட்டிட்டா இன்னுமே லேசா ஓடுவேன்."

கூடை கோபித்துக்கொண்டது. மூன்று வருஷமாக ராஜாங்கம் பண்ணுகிற சீட்டை எவன் கழற்றுகிறது என்று முணுமுணுத்தது.

அடுத்தது மயிலை. இங்கேயும் கூடை இடது சீட்டில், நாச்சிமுத்து பின்னால். அதற்குள் மேகம் பாதையையே விழுங்கிவிட்டது. வெள்ளையில் வெள்ளை. தேயிலையும் இல்லை, மரமும் இல்லை, எதிரில் உலகமே இல்லை. உலகம் உண்டாவதற்கு முந்தின நாள் காலை மாதிரி இருந்தது. கோகிலவாணி நத்தையாக நகர்த்தினாள். மயிலை குடுகுடுவென்று தடுமாறி, ஒரு இடத்தில் நின்றேவிட்டது.

"எனக்குக் கண்ணு கெடையாது" என்று அது பின்சீட்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னது. "இப்ப அவங்களுக்கும் கெடையாது. வாயிருக்கறவரு நீங்க. பின்னால உக்காந்து என்ன பண்றீங்க?"

அந்தப் பாதை நாச்சிமுத்துவுக்கு மனப்பாடம். மூன்று வருஷமாகப் படுக்கையில் அவர் முனகாத வளைவு அதில் ஒன்று கூட இல்லை. சொல்லலாம். முன்னால் போய் உட்காரலாம். மயிலைதான் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சீட்டு தனக்கு. ஆனால் அந்தச் சீட்டுக்காக அவள் கையை மறுபடி பணயம் வைக்கலாமா? அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னார்.

"செவலையவே எடுத்துக்க அம்மிணி. யாரு தப்புப் பண்ணுனாலும் அது திருத்திக்கும்."

"அப்ப நீங்க?"

"நான் இப்படியே பின்னாடி இருந்துக்கறேன். பழகிப்போச்சு."

கோகிலவாணி இன்ஜினை அணைத்தாள். மேகம் கண்ணாடியில் வந்து முகம் வைத்துப் பார்த்தது. அவள் திரும்பாமலே கேட்டாள்.

"எம்மேல இருக்கற கோவம் இன்னும் தீரலீங்களா?"

நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. உன்மேல் எனக்கென்ன கோபம் என்றார். அவள் குரல் உடைந்துவிட்டது.

"நோட்டுப் படிக்கறவருகிட்ட யாராச்சும் பேச்சுக் குடுப்பாங்களா? அன்னைக்கு மழையப் பத்திப் பேச்செடுத்தது நானுங்க. அந்தக் கோவத்துலதான பின்னாடி போயி உக்காந்தீங்க?"

"கூடை இருந்துச்சு அம்மிணி. அதான் பின்னாடி உக்காந்தேன்."

"நீங்க பின்னாடி போயிட்டீங்க. சீட்டு வெறிச்சுன்னு கெடந்துது. பாக்க முடியாமத்தான் கூடைய வெச்சேன்."

இரண்டு பேரும் கூடையைப் பார்த்தார்கள். முதல் நாள் எது முதலில் நடந்தது என்று அதற்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கோகிலவாணி பெல்ட்டைக் கழற்றி, கூடையை எடுத்துப் பின்சீட்டில் வைத்தாள். நாச்சிமுத்து இறங்கி, மேகத்துக்குள் நாலு எட்டு நடந்து, இடது கதவைத் திறந்தார். சீட்டு சில்லென்றிருந்தது. மூன்று வருஷம் கழித்துத் தன் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி அழுகை வந்தது, துடைத்துக்கொண்டார்.

மயிலைதான் என்று முடிவாகிவிட்டது, ஆனால் செவலை மேல் குற்றம் சொல்லக் கூடாது. முழங்கால் வலிக்காரருக்கு அதுதான் தோது. போஜனோடு அது சௌக்கியமாக இருக்கும்.

மயிலை கிளம்பியது. கண் தெரியாத வெள்ளைக்குள் நாச்சிமுத்துவின் குரல் முன்னால் போய்ப் பாதை போட, வண்டி பின்னாலேயே போயிற்று. வலது நாலு. நேர் ஐம்பது. இடது மூணு, ஒட்டிப் போ. அவர் சொல்லச் சொல்லத் தேயிலையும் மரமும் ஒவ்வொன்றாகப் பிறந்து வந்து ஒதுங்கி நின்றன. வேகம் ஏறியது. மயிலையின் குடுகுடு, பாட்டு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து சில்வர் ஓக் மரத்தடியில் பொய் வளைவு. நோட்டில் அங்கே ஒரே ஒரு சொல்தான். அது தொண்டை வரை வந்து நின்றுகொண்டது. கோகிலவாணியின் கால் பிரேக் மேல் தயங்கியது. அப்போது பார்த்துக் கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது.

அவள் அதைப் பார்த்தாள். வேண்டுமென்றே, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"மழை வருமாட்ட இருக்குதுங்க."

நாச்சிமுத்து கண்ணை மூடித் திறந்தார்.

"வரட்டும்" என்றார்.

மழையைச் சொன்னாரா, வளைவைச் சொன்னாரா என்று மயிலைக்கு விளங்கவில்லை. பின்சீட்டில் கூடை நடுங்கியது. கோகிலவாணி பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.