வார்னிஷ் அடித்த கயிறு

அநியாயம் நடந்தது தையல்நாயகிக்கு. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருபத்தாறு வருடம் படகுகளுக்குக் கயிறு விற்றவள். வாசலில் கயிறு தொங்குவது தெருவின் பழமையைக் கெடுக்கிறது என்று ஒரு மரபுக் குழு அவளைக் காலி செய்ய வைத்தது. அடுத்த மாதமே அதே கடையில் ஒரு காபிக்கடை. சுவரெல்லாம் கயிறு. அழகுக்காம்!

போதாததற்கு அதே குழுவிடமிருந்து ஒரு கடிதம் வேறு. சனி, ஞாயிறுகளில் அவள் அங்கே வந்து, அந்தக் காலத்துக் கயிற்றுக்காரி மாதிரி உட்கார வேண்டுமாம். புதன்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

கடிதத்தோடு குருவிடம் போனாள். மிளகாய்க் கிடங்கின் மாடியில் இருந்தார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“சாமி, கடை போனப்பவும் சும்மா இருன்னீங்க. மிச்சக் கயித்தையெல்லாம் சுருட்டி வீட்டுல வச்சிட்டு இருந்தேன். படகுக்காரங்க இன்னும் போன் போட்டுக் கேக்கறாங்க. இப்ப என்ன சொல்றீங்க?”

“சும்மா இருங்க அக்கா.”

“அவனுங்களும் அதத்தானே சொல்றானுங்க! சும்மா வந்து உக்காருன்னு! உங்களுக்கும் அவனுங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

குரு செருப்பை மாட்டினார். “காபி குடிக்கலாம், வாங்க.”

“காபியா? என் கடையிலயா?” வழியெல்லாம் கத்திக்கொண்டே பின்னால் போனாள்.

அங்கே மரபுக் குழுவின் அதிகாரி இருந்தார். “ஆன்ட்டி! வந்துட்டீங்களா!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

குரு உட்காரவில்லை. சுவரிலிருந்து ஒரு மணிலாக் கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“இத அந்தத் தூண்ல கட்டுங்க அக்கா.”

கட்டினாள். கயிறு மடங்க மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கை எடுத்ததும் முடிச்சு தானாக விரிந்து கீழே விழுந்தது. விரலை முகர்ந்து பார்த்தாள்.

“வார்னிஷ்! பாவிங்களா, நான் வித்த கயிறு இது! விறைச்சுப் போச்சே. இனி ஒரு தோணியைக்கூடப் பிடிக்காது.”

“அது கட்டறதுக்கு இல்ல ஆன்ட்டி, பாக்கறதுக்கு,” அதிகாரி சிரித்தார். “நீங்களும் ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உக்காந்தா போதும். சாமி, நீங்களே சொல்லுங்களேன்.”

தையல்நாயகி குருவை முறைத்தாள். இப்போதும் அதையே சொன்னால் காபி அவர் தலையில்தான்.

குரு கீழே கிடந்த கயிற்றை எடுத்து அதிகாரியின் மேசைமேல் வைத்தார்.

“சுருட்டி வச்ச கயிறு, வேணும்கறப்ப அவிழும் தம்பி. அக்காவ நான் சும்மா இருக்கச் சொன்னது அப்படி. வார்னிஷ் அடிச்சுக்கச் சொல்லல.”