குன்றிமணியின் கரிப்பொட்டு

அந்தக் காலத்தில், யானையும் எறும்பும் எதிரெதிரே நின்று வழக்குப் பேசிய காலத்தில், மருதங்கால் ஏரி என்று ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் மடையைத் திறக்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். அவர் திறந்தால் ஆற்றுத் தண்ணீர் ஏரிக்குள் வரும், இல்லாவிட்டால் வராது. அந்த ஒருவரை ஏரியைச் சுற்றி வாழ்ந்த ஜீவராசிகள் எல்லாம் ஆண்டுதோறும் பங்குனியில் கூடித் தேர்ந்தெடுத்தன.

முதல் தேர்தலில் முதலை போட்டியின்றி வென்றது. எதிர்த்து நிற்கப் போனவர்கள் கரை திரும்பவில்லை என்பார்கள். நமக்கெதற்கு அந்த வம்பு. இரண்டாம் தேர்தலில் மயில் வென்றது. மேகத்தைப் பார்த்து ஆடிக்கொண்டே இருந்ததில் மடை திறக்கவே மறந்துபோனது. மூன்றாம் தேர்தலில் கொம்பையா என்ற யானை நின்றது. எதிர்த்து நின்ற நரிக்கு அதன் பெண்டாட்டி வாக்குகூடக் கிடைக்கவில்லை. அதிலிருந்து தொடர்ந்து ஐந்து முறையும் கொம்பையாதான்.

ஜெயிக்காமல் எப்படி இருக்கும்? அவரவர் உடம்புக்கு ஏற்ற விதையைக் கொண்டுவந்து பானையில் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். யானை பனங்கொட்டை போடும், எறும்பு புல்விதை போடும். இரண்டு பானைகளையும் தராசில் தூக்கினால் எது தாழ்கிறதோ அதற்குரியவர் வென்றார். எட்டு யானைகள் எட்டுக் கொட்டை போட்டால், எதிர்ப்பானை மேலே போய்த் தொங்கும்.

கொம்பையா கெட்டவர் இல்லை. சித்திரை வெயிலில் குளிக்கத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். சித்திரை பிறந்த அன்றே மடையைத் திறந்துவிடுவார். தவளைகளும் நாரைகளும் ஆமைகளும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டன.

ஆனால் மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவி, வறண்ட ஏரியின் நடுவில், கூழாங்கற்களுக்கிடையில்தான் முட்டையிடும். ஆண்டுக்கு நான்கு முட்டை. ஐந்து ஆண்டுகளாக, குஞ்சு பொரிக்குமுன் தண்ணீர் வந்துவிட்டது. இருபது முட்டைகள் மிதந்து போனதை மஞ்சக்காலி கண்ணால் பார்த்திருக்கிறது. பெற்ற வயிறு பற்றி எரியாதா? இந்தப் பங்குனியிலும் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. ஒரு மாதம் தாமதமாக மடை திறந்தால் போதும், குஞ்சுகள் கால் முளைத்து நடந்துவிடும்.

தேர்தல் நடத்துகிற உடும்பு மாடசாமியிடம் அது போய் நின்றது.

"மாடசாமி அண்ணாச்சி, இந்த வாட்டி நான் நிக்கேன்."

கூட்டம் சிரித்தது. மாடசாமி சிரிக்கவில்லை. பிடித்தால் பிடித்த பிடியை விடாத ஆள், சட்டம் என்றால் சட்டம். "நில்லு தாயி. யாரும் நிக்கலாம்."

"இன்னொண்ணு. ஆளாளுக்கு ஒரு அளவுல விதை போட்டா அது தேர்தலா? எல்லாரும் ஒரே விதை போடணும். எடை பாக்கப்படாது, எண்ணணும்."

எல்லோரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். அவர் காதை விசிறிக்கொண்டு, "எண்ணுங்களேன். அஞ்சு வாட்டி ஜெயிச்சவனுக்கு எண்ணினா என்ன, நிறுத்தா என்ன?" என்றார்.

ஒரே அளவு விதைக்கு எங்கே போவது? மடைக்குப் பக்கத்து வேலியில் படர்ந்திருந்த குன்றிக்கொடி வாயைத் திறந்தது. அதன் விதைகள் அப்போது மாசுமறுவில்லாத சிவப்பு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "எனக்குப் பத்து நாள் குடுங்க. ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறையக் காய்க்க மாட்டேன்" என்றது. சொன்னபடியே எல்லா மணியும் ஒரே அளவில் காய்த்தது.

தேர்தல் நாள் விடிந்தது. மருத மரப் பொந்துக்குள் இரண்டு பானைகள், யார் எதில் போடுகிறார் என்று வெளியே தெரியாது. அன்று அங்கே கண்ட காட்சியை எந்த ஜீவனும் அதற்குமுன் கண்டதில்லை. வரிசையில் எறும்புகளுக்குப் பின்னால் யானைகள் நின்றன. முன்னால் இருப்பவர் மிதிபடக் கூடாதே என்று ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தன. ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய சிவப்பு மணியை உருட்டிக்கொண்டு பொந்துக்குள் போய்த் திரும்பும்வரை அத்தனை பெரிய யானைக் கூட்டமும் மூச்சுக் காட்டாமல் காத்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த மஞ்சக்காலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வாக்களித்து முடிந்தது. மாடசாமி, "இன்னும் யாரும் பாக்கி உண்டா?" என்று கரையைச் சுற்றிக் கூவப் போனார். பொந்து வாசலில் மஞ்சக்காலி மட்டும் நின்றது. அதன் காலடியில், யாரோ தவறவிட்ட ஒரு குன்றிமணி கிடந்தது.

நான்கு முட்டைகள் கண்முன் மிதந்தன. அலகால் எடுத்தது. உள்ளே போய்த் தன் பானையில் போட்டுவிட்டு வந்தது.

பொழுது சாயும் முன் மாடசாமி எண்ணி முடித்தார். "கொம்பையாவுக்கு மூவாயிரத்து நூத்தி ஒம்பது. மஞ்சக்காலிக்கு மூவாயிரத்து நூத்திப் பத்து!"

சின்ன உயிர்கள் எல்லாம் ஆர்ப்பரித்தன. ஒரு கிழட்டு எறும்பு மஞ்சக்காலியின் கால்நகத்தைப் பிடித்துக்கொண்டு, "தாயி, என் ஒரு மணி ஆனைய செயிச்சிட்டுதே! நான் இனிமே செத்தாலும் கவலை இல்ல" என்று அழுதது.

மஞ்சக்காலி நினைத்துப் பார்த்தது. அந்த எறும்பு நாளெல்லாம் உருட்டி ஒன்றே ஒன்றுதான் போட்டது. தான் போட்டதோ இரண்டு. பனங்கொட்டை போட்ட யானைக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? மற்றவர் வருவதைக் கண்டால் ஊருக்கே கேட்கக் கத்திக் காட்டிக்கொடுக்கிற பறவை, அன்று தன்னையே காட்டிக்கொடுத்தது.

"நான் ரெண்டு போட்டேன்! நான்தான்! ரெண்டு போட்டேன்!"

எந்த முதலையும், எந்த மயிலும், வென்ற பிறகு இப்படிச் சொன்னதில்லை. மாடசாமி மஞ்சக்காலியின் பானையிலிருந்து ஒரு மணியை எடுத்து வெளியே வைத்தார். "அப்போ ரெண்டு பக்கமும் சமம். இந்தத் தேர்தல் செல்லாது, நாளைக்கு மறுபடியும் போடணும். மணி குடுக்கும்போதே ஒவ்வொண்ணா கரி தொட்டுக் குடுப்பேன். பொட்டில்லாத மணி கணக்குல சேராது" என்றார்.

அந்த மாலை கொம்பையா வழக்கம்போல ஏரிக்குள் இறங்கி, நடுவில் மிச்சமிருந்த குட்டைக்கு நடந்தார். மஞ்சக்காலி தலைக்குமேல் கத்திக்கொண்டு பறந்தது. ஐந்து ஆண்டுகளாக அப்படித்தான் கத்தும், அவர் கண்டுகொண்டதில்லை. அன்று நின்றார்.

"எதுக்கும்மா ரெண்டு போட்ட? அப்படி என்ன அவசரம்?"

ஆள்காட்டி தன் முட்டை இருக்கும் இடத்தை எவருக்கும் காட்டாது. மஞ்சக்காலி அன்று இறங்கிவந்து காட்டியது. அவர் தூக்கிய காலுக்குக் கீழே, கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள்.

"கல்லுன்னுல்லா நெனைச்சேன்" என்றார் கொம்பையா. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார். பிறகு வந்த தடத்திலேயே பின்னால் அடிவைத்துக் கரையேறிவிட்டார். அன்று அவர் குளிக்கவில்லை.

மறுநாள் மறுபடி அதே வரிசை. மாடசாமி வாலின் நுனியைக் கரியில் தொட்டு, ஒவ்வொரு மணியின் தலையிலும் பொட்டு வைத்துக் கொடுத்தார். தவளைகள் தண்ணீரை நினைத்துப் போட்டன, எறும்புகள் புற்றை நினைத்துப் போட்டன. கடைசியாகக் கொம்பையா துதிக்கையைப் பொந்துக்குள் விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே எடுத்தார்.

"கொம்பையாவுக்கு மூவாயிரத்து நூத்தி எட்டு. மஞ்சக்காலிக்கு மூவாயிரத்து நூத்திப் பத்து."

நாரை ஒன்று கணக்குப் போட்டுவிட்டு எகிறியது. "நேத்து சமம், இன்னைக்கு ரெண்டு வித்தியாசம். அப்போ நம்ம பக்கத்து ஆள் ஒருத்தன் மாத்திப் போட்டிருக்கான். யாருன்னு கண்டுபிடிங்க!"

"எத்தனைன்னு கேளு" என்றார் கொம்பையா. "யாருன்னு கேக்கப்படாது."

அவர் குரலில் இருந்த நடுக்கத்தை எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் புரிந்தது. அத்தனை ஆயிரம் உயிர்களும் வாயைத் திறக்கவில்லை. மஞ்சக்காலி மட்டும் மணலில் தலை தாழ்த்தி நின்றது.

அந்தச் சித்திரையில் மடை திறக்கவில்லை. வைகாசியில், நான்கு குஞ்சுகள் நடந்து கரையேறிய பிறகே திறந்தது.

இவ்வளவையும் வேலியிலிருந்து பார்த்த குன்றிக்கொடி, அந்தக் கரிப்பொட்டை மழையில் கழுவிக்கொள்ள மனமில்லாமல் விதைக்குள் வாங்கி வைத்துக்கொண்டது. அன்று முதல்தான் குன்றிமணி எந்தக் காட்டில் காய்த்தாலும் எடை மாறாமல், தலையில் கரிப்பொட்டோடு காய்க்கிறது. ஒன்றை உள்ளங்கையில் வைத்து எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், அது எறும்பு போட்டதா யானை போட்டதா என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.